அன்னாள் வருவாள்

இரண்டாயிரத்து மூன்றில் எங்கள் கல்லூரிக்குத் தன்னாட்சி கிடைத்தது. பாடத்திட்டத்தை இனி நாமே வகுத்துக்கொள்ளலாம் என்று அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட்டார்கள். நாமே என்றதும் மாணவர்களான எங்களையும் சேர்த்துச் சொல்கிறார்களோ என்று சிலர் குழம்பினார்கள். அப்படியெல்லாம் இல்லை. ஆங்கிலத் துறைத் தலைவர் டாக்டர் மரியராஜ் ஒரு நாள் மதியச் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் இடைப்பட்ட நேரத்தில், இறுதியாண்டு பி.ஏ. வகுப்புக்குப் 'படைப்பெழுத்து' என்று ஒரு தாள் இருக்கட்டும் என்றார். மாணவர்கள் ஆங்கிலத்தில் கதை எழுத வேண்டும், அதற்கு மார்க் போட வேண்டும். சென்னையில் எங்கோ அப்படி ஒன்று நடத்துகிறார்கள் என்று அவர் கேள்விப்பட்டிருந்தார்.

அதை யார் நடத்துவது என்பதில்தான் சிக்கல் வந்தது. துறையில் அதுவரை யாரும் எதையும் படைத்ததில்லை. மரியராஜ் சார் இங்கிலாந்தின் மழையைப் பற்றி ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கியவர். இங்கிலாந்துக்கும் போனதில்லை, திண்டுக்கல்லில் தூறல் போட்டால்கூட வராந்தாவை விட்டு இறங்கியதில்லை. ராமர் சார் இலக்கணம். சிவப்பு மையைத் தவிர வேறு மை அவர் பேனாவுக்குள் போனது கிடையாது. கல்யாணப் பத்திரிகை கொடுத்தால் இரண்டு இடத்தில் சுழித்துத் திருப்பித் தருவார். கடைசியில் தாள் நான்சி மேடம் தலையில் விழுந்தது. வேலைக்குச் சேர்ந்து குறைந்த காலம் ஆனவர் அவர்தான். கையெழுத்தும் அழகாக இருக்கும்.

தொடக்க விழாவில் மரியராஜ் சார் பேசினார்.

"படைப்பு என்றால் என்ன? இருப்பதைப் பார்ப்பது அல்ல, இல்லாததைப் பார்ப்பது. வெளியே புளியமரம் நிற்கிறது. அதைப் பார்த்துப் புளியமரம் என்று எழுதுவதற்கு எதற்கு ஒரு டிகிரி? இந்த அறையில் இருபத்தெட்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். அந்த மரத்தை ஒரு நாளும் நான் பார்த்ததில்லை. அதனால்தான் இந்த நாற்காலிக்கு வந்திருக்கிறேன்."

நாங்கள் கைதட்டினோம். பாடத்திட்டத்தில் ஐந்து அலகுகள் இருந்தன. முதல் அலகு அகத்தூண்டுதல், பத்து மணி நேரம். பத்தாவது மணி நேரம் முடிந்த அன்று நான்சி மேடம் "இன்ஸ்பிரேஷன் ஓவர்" என்று சொல்லி, வகுப்புப் பதிவில் கையெழுத்தும் போட்டுவிட்டார். அதற்குப் பிறகு யாருக்காவது அகத்தூண்டுதல் வந்தாலும் அது கணக்கில் சேராது. இரண்டாவது அலகு கற்பனை. வெள்ளிக்கிழமை மதியம் வைத்தார்கள். ஜும்ஆ தொழுகை முடிந்து நான் ஓடி வருவதற்குள் பாதிக் கற்பனை நடந்து முடிந்திருக்கும். எல்லோரும் ஜன்னலைப் பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள். எதைப் பார்க்கிறார்கள் என்று கேட்டால் பனி என்பார்கள்.

நான் அப்துல் வாஹித். பேகம்பூர்க்காரன், தோல் பதனிடும் ஷாப்பு வாசனையில் பிறந்து வளர்ந்தவன். என் கதையில் ஜான் என்பவன் கொட்டும் பனியில் மேரி என்பவளுக்காக ரொட்டி சுட்டான். இருபத்தைந்துக்கு இருபத்திரண்டு போட்டார்கள். ரொட்டிக்குச் சால்னா வைத்ததற்காகத்தான் மூன்று மார்க் போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

பக்கத்து இருக்கையில் பிராங்க்ளின். ரெட்டியார்சத்திரம் தாண்டி ஒரு சின்ன ஊர் அவனுக்கு. அப்பா கிடையாது. அம்மா முருங்கைத் தோட்டத்தில் காய் பறிக்கப் போவார். அவனைக் கல்லூரிக்கு அனுப்பியது அவனுடைய அக்கா அன்னாள். பத்தாம் வகுப்பு முடித்ததுமே நூற்பாலைக்கு வேலைக்குப் போய்விட்டவள். தம்பி இங்கிலீஷ் வாத்தியார் ஆக வேண்டும் என்பது அவள் பிடிவாதம். அவள் வேலை பார்த்த மில்லின் முதலாளிதான் எங்கள் கல்லூரியின் செயலர். கல்லூரியில் எதைத் தொட்டாலும் அவர் அன்பளிப்புதான். மின்விசிறி இறக்கையில்கூட மில்லின் பெயர் எழுதியிருக்கும். ஓடும்போது தெரியாது, கரண்ட் போனால் நிதானமாகப் படிக்கலாம்.

நாங்கள் இறுதியாண்டுக்கு வந்த ஆகஸ்டில் அன்னாள் காய்ச்சலில் செத்துப்போனாள். இருபத்து மூன்று வயது. அடக்கத்துக்கு நாங்கள் நாலைந்து பேர் போனோம். பிராங்க்ளின் அழவில்லை. கல்லறையிலிருந்து திரும்பும்போது, "சாயங்காலம் ஆகப்போகுது, வீட்டுக்குப் போவணும்" என்று மட்டும் இரண்டு தடவை சொன்னான்.

நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தது. அக்கா குழிமேல் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்த மறுநாள், பிராங்க்ளின் படைப்பெழுத்துத் தாளுக்கான கதையை எழுதிக் கொடுத்தான். ஜான் இல்லை, மேரி இல்லை, பனி ஒரு பொட்டுகூட இல்லை. 'மை சிஸ்டர்' என்று தலைப்பு. முதல் வரியில் அக்கா ஆகஸ்டில் இறந்துவிட்டாள் என்று எழுதியிருந்தான். அடுத்த வரியிலிருந்து இப்படிப் போனது: 'ஈவ்னிங் ஷி வில் கம் இன் த மில் வேன். ஷி வில் கோம்ப் மை ஹேர். ஷி வில் ஆஸ்க், டிட் யூ ஈட்?'

அவன் மனதில் ஓடியது தமிழ். சாயங்காலம் அக்கா மில் வேனில் வருவாள். எனக்குத் தலை சீவிவிடுவாள். சாப்பிட்டாயா என்று கேட்பாள். இதைக் கேட்கிற எவனும் நாளைக்கா என்று கேட்க மாட்டான். வழக்கமாகச் செய்துகொண்டிருந்ததை நம் ஊரில் அப்படித்தான் சொல்வோம். வருவாள் என்றால் வந்துகொண்டிருந்தாள் என்று பச்சைப் பிள்ளைக்கும் புரியும். ஆனால் அதை வார்த்தைக்கு வார்த்தை இங்கிலீஷில் இறக்கி வைத்தால் செத்துப்போனவள் இனிமேல் வரப்போகிறாள் என்று ஆகிவிடுகிறது. பக்கம் முழுக்க 'வில்'.

நான்சி மேடம் அதை ஒரு சாயங்காலம் ஆசிரியர் அறையில் தனியாக உட்கார்ந்து படித்தார். அவர் 'ஷி வில் கம் இன் த மில் வேன்' என்ற இடத்தை எட்டும்போது வெளியே ரோட்டில் ஒரு மில் வேன் ஹாரன் அடித்தது. அந்த ரோட்டில் தினமும் ஆறேழு மில் வேன்கள் போகும், ஹாரன் அடிக்காமல் ஒன்றும் போகாது. இருந்தாலும் மேடம் செருப்பை விட்டுவிட்டு ஓடிவந்தார். செருப்பை மறுநாள் அட்டெண்டர் சடையாண்டி எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தார்.

அன்றிலிருந்து துறைக்கு நிம்மதி போனது. கதையை எல்லோரும் ஆளுக்கு ஒரு முறை படித்தார்கள், பகலில். ராமர் சார், இது சாதாரணக் காலப்பிழை என்றார். ஒவ்வொரு 'வில்'லுக்கும் அரை மார்க் குறைத்துக்கொண்டே போய் கடைசியில் பிராங்க்ளின்தான் துறைக்கு மார்க் தர வேண்டும் என்று கணக்குக் காட்டினார். மரியராஜ் சாருக்கு வேறு யோசனை. பாடத்திட்டத்தில் நான்காவது அலகு அமானுஷ்யம். ஆவிக் கதை எழுத வேண்டும். பழைய கோட்டையும் பாழடைந்த மாளிகையும் வேண்டும் என்று மேடம் சொல்லிவிட்டதால் அந்த அலகில் யாரும் எதுவும் எழுதவில்லை. எங்கள் ஊர் மலைக்கோட்டையில் வைத்து எழுதவா என்று நான் கேட்டதற்கு, அங்கே சுண்டல் விற்கிறார்கள், அது சரிவராது என்று சொல்லிவிட்டார்கள்.

"காலப்பிழை என்றால் ஃபெயில்" என்றார் மரியராஜ் சார் துறைக் கூட்டத்தில். "ஆவி என்றால் டிஸ்டிங்ஷன். இரண்டில் எது என்று ஆராய வேண்டும். அவசரப்பட்டு ஒரு நல்ல ஆவியை நாம் இழந்துவிடக் கூடாது."

ஆராய்ச்சி முடிகிற வரைக்கும் ஐந்து மணிக்கு மேல் ஆசிரியர் அறையில் யாரும் இருப்பதில்லை என்று வாய்மொழியாக ஒரு தீர்மானம் ஆனது. மொழி ஆய்வகத்துக்குச் சுண்ணாம்பு அடித்திருக்கிறோம், மந்திரித்துவிடுங்கள் என்று பொய் சொல்லிப் பங்குச் சாமியாரை அழைத்துவந்தார்கள். அவர் ஆய்வகத்தில் தீர்த்தம் தெளித்துவிட்டுக் கிளம்பப் பார்க்க, "அப்படியே இந்தப் பக்கமும் ரெண்டு சொட்டு, ஃபாதர்" என்று ஆசிரியர் அறைக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள். காலப்பிழைதான் என்று அடித்துச் சொன்ன ராமர் சாரின் மேஜை டிராயரில் ஒரு எலுமிச்சம்பழம் இருந்ததைச் சடையாண்டி பார்த்திருக்கிறார். இன்னொரு பிரச்சினையும் எழுந்தது. எங்கள் துறை வராந்தா ஆங்கிலம் மட்டுமே பேச வேண்டிய பகுதி. பத்தாம் வகுப்போடு நின்ற மில் பெண் அங்கே வந்து 'சாப்டியா' என்று கேட்டால் விதியை மீறியதாகும். அவளிடம் யார் போய்ச் சொல்வது என்று நான்சி மேடம் கேட்டார். விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

பிறகு பிராங்க்ளினைக் கூப்பிட்டார்கள். ராமர் சார் கரும்பலகையில் 'வில்' என்று எழுதி வட்டம் போட்டார்.

"இதுக்கு என்ன அர்த்தம்?"

"வருவா சார்."

"எப்போ?"

"சாயங்காலம் சார்."

"எந்தச் சாயங்காலம்?"

பிராங்க்ளினுக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. ராமர் சார் பொறுமையாக விளக்கினார். 'வில்' என்றால் இனி நடக்கப்போவது. ஷி வில் கம் என்று ஒருவன் எழுதினால் அவள் வந்தே தீருவாள், சந்தேகத்துக்கு இடமில்லை, இங்கிலீஷில் வேறு அர்த்தமே கிடையாது. இதை அவர் மூன்று விதமாகச் சொன்னார். இலக்கணம் நடத்தும்போது அவர் எதிரே நிற்பவன் முகத்தைப் பார்க்கிற வழக்கம் இல்லை.

வராந்தாவில் நின்ற நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மூன்று வருடமாக இங்கிலீஷ் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பியே படித்துவந்தவன் அவன். எங்களுக்கெல்லாம் அது பாடம், அவனுக்கு வேதம். வீட்டில் ஒரு ஆள் செத்து, அந்த ஆள் நிச்சயம் வருவாள் என்று டாக்டர் பட்டம் வாங்கியவர்களின் அறையில் வைத்து ஒருவர் அழுத்திச் சொல்லியிருக்கிறார். அவன் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தான்.

"வாகித்து, வண்டி வச்சிருக்கியா?" என்றான். "செத்த நேரம் ஊரு வரைக்கும் வர்றியா?"

என் மாமாவின் டி.வி.எஸ். ஃபிஃப்டியில் போனோம். ரெட்டியார்சத்திரம் தாண்டி, அவன் ஊருக்குப் பிரிகிற விலக்கில் நிறுத்தச் சொன்னான். வெயில் தாழ்ந்திருந்தது. பழனி ரோட்டில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அவன் தலையைக் கையால் ஒதுக்கிக்கொண்டு ரோட்டோரத்தில் நின்றான். எதற்கு வந்திருக்கிறோம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. வண்டியை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு அவன் பக்கத்தில் போய் நின்றேன்.

மில் வேன் வந்தது. எங்களைப் பார்த்து அது நிற்கவில்லை, எங்களைப் பார்ப்பதற்கு முன்பே வேகம் குறைந்துவிட்டது. சரியாக விலக்கில் வந்து நின்றது. உள்ளே பஞ்சு ஒட்டிய தலைகளோடு பெண்கள் தூங்கி வழிந்துகொண்டிருந்தார்கள். கதவோரம் உட்கார்ந்திருந்தவள் கண்ணைத் திறக்காமலே காலை ஒதுக்கி, இறங்குகிறவளுக்கு வழி விட்டாள். யாரும் இறங்கவில்லை. வேன் அப்படியே உறுமிக்கொண்டு நின்றது.

டிரைவர் சங்கிலி அண்ணன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "ஏலே, பிராங்க்ளினா? இங்ஙன என்னப்பு நிக்கிற?"

"சும்மாதேண்ணே. நீங்க ஏன் நிப்பாட்டுனீக?"

"என்னன்னு சொல்லச் சொல்ற? இந்த எடம் வந்தா காலு தானா பிரேக்குக்குப் போயிருது. எறங்க ஆளு இல்லைன்னு எனக்குத் தெரியுது, காலுக்குத் தெரிய மாட்டேங்குது. புள்ளைகளும் ஏன் நிக்கிறன்னு ஒருத்தியும் கேக்குறதில்ல. செத்த நேரம் நின்னுட்டுப் போயிருவேன்."

வேன் போனது. பிராங்க்ளின் அது கன்னிவாடிப் பக்கம் திரும்புகிற வரைக்கும் பார்த்தான். பிறகு எனக்கு எதிர்ப்பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டான். அவன் அழுததை நான் அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்டேன்.

வீட்டில் அவனுடைய அம்மா செபாஸ்தியம்மாள் என்னைச் சாப்பிடாமல் விடவில்லை. தொட்டுக்கொள்ள வெஞ்சனம் ஒன்றும் சரியில்லை என்று சொல்லிக்கொண்டே முருங்கைக்காய்க் குழம்பை ஊற்றினார். மகனிடம், "அக்காளப் பத்தி எழுதுனியே, சார்மாரு என்ன சொல்றாக?" என்று கேட்டார்.

"அக்கா வருவான்னு எழுதிட்டேம்மா. அப்படி எழுதுனா நெசமாவே வரப்போறான்னு அர்த்தமாம்."

அம்மாவின் கை கரண்டியோடு நின்றது. "இங்கிலீசுல அப்பிடியா சொல்லுவாக?" என்றார்.

அவர் அதை ஆசையோடு கேட்டார். எனக்கு அங்கே இருக்கப் பிடிக்கவில்லை. சாப்பாட்டைப் பாதியில் முடித்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

மார்ச்சில் வாய்மொழித் தேர்வு. தன்னாட்சி விதிப்படி தேர்வுக் குழுவில் நிர்வாகத்தின் பிரதிநிதி ஒருவர் இருக்க வேண்டும். அந்தப் பிரதிநிதியை நியமிப்பவர் செயலர். அவர் ஒவ்வொரு முறையும் நன்றாக யோசித்துத் தன்னையே நியமிப்பார். ஒட்டன்சத்திரத்துக்காரர், மரியாதையானவர், கடைநிலை ஊழியரைக்கூட வாங்க போங்க என்றுதான் பேசுவார். நடுநாற்காலியில் அவர், இரண்டு பக்கமும் மரியராஜ் சாரும் ராமர் சாரும், ஓரத்தில் நான்சி மேடம். பிராங்க்ளின் உள்ளே இருந்தான். அடுத்த ஆள் நான் என்பதால் வாசலில் நின்றேன். அந்தக் கதவு தாழ்ப்பாள் போட்டாலும் சரியாகச் சாத்தாது.

"செயலர் ஐயாவுக்கு ஒரு மகிழ்ச்சியான செய்தி" என்று ஆரம்பித்தார் மரியராஜ் சார். "நம் துறையின் முதல் ஆவிக் கதை. அதுவும் நம் ஐயாவின் மில்லில் வேலை பார்த்த பெண்ணின் ஆவி."

செயலர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்படிங்களா? தினமும் வருதுங்களா?"

"தினமும் மாலை, மில் வேன் வரும் நேரத்துக்கு."

"பாருங்க" என்றார் செயலர் மனம் நெகிழ்ந்து. "உசுரு போன பின்னாலயும் டைம் தப்பாம வருதுன்னா, அது நம்ம மில்லு டிசிப்ளினுங்க. வெளிய மில்லுங்களைப் பத்தி என்னென்னமோ பேசுறானுங்க. இந்தக் கதையைக் கொண்டுபோயிக் காட்டோணும்."

மரியராஜ் சார் பிராங்க்ளினைப் பார்த்தார். "ஒரே கேள்வி. சிஸ்டர் வருகிறாரா? ஆம் என்று சொன்னால் டிஸ்டிங்ஷன்."

"வரல சார்" என்றான் பிராங்க்ளின்.

அறையில் ஏமாற்றம் பரவியது.

"நன்றாக யோசித்துச் சொல்" என்றார் மரியராஜ் சார்.

"நின்னு பாத்தேன் சார். ஒரு நாள் மட்டும் இல்ல, இந்த மூணு மாசமா நின்னேன். எங்கம்மாவும் வந்து நிக்குது. வரல."

"அப்போ காலப்பிழை" என்றார் ராமர் சார். அவர் குரலில் நிம்மதி தெரிந்தது. எலுமிச்சம்பழத்தை இனி வீட்டுக்கு எடுத்துப் போகலாம். சிவப்புப் பேனாவைத் திறந்தார். "எல்லா வில்லையும் எடுத்துட்டு 'யூஸ்டு டு' போடு. இப்பவே போட்டா பாஸ்."

"யூஸ்டு டுன்னா என்ன சார் அர்த்தம்?"

"முன்னே செய்தாள், இப்போது இல்லை."

"ஒவ்வொரு வரியிலயும் இப்ப இல்லைன்னு வருமா சார்?"

"ஒவ்வொரு வரியிலும் வரும்."

"அப்ப வேண்டாம் சார்" என்றான் பிராங்க்ளின். "செத்துட்டான்னு மொதல் வரியில ஒரு தடவ எழுதிருக்கேன். அது போதும்."

யாரும் எதிர்பாராதவிதமாக ஓரத்திலிருந்து நான்சி மேடம் பேசினார். "வுட் போடலாமே, சார். ஷி வுட் கம். பழக்கத்தைச் சொல்வதற்கு அதுவும் உண்டு என்று எங்கோ படித்த ஞாபகம்."

"நம் கைடில் அப்படி இல்லை" என்றார் ராமர் சார். அந்தக் கைடை எழுதியவரும் அவர்தான். "வுட் வந்தால் இஃப் வர வேண்டும். ஷி வுட் கம் என்றால் வந்திருப்பாள் என்று தொங்கிக்கொண்டு நிற்கும். எது நடந்திருந்தால் வந்திருப்பாள்? அந்த இஃப் இல்லாமல் வாக்கியம் முடியாது."

செயலருக்கு இது பிடித்திருந்தது. இங்கிலீஷில் இப்படியொரு ஒழுங்கு இருப்பது தமக்குத் தெரியாது என்றார். பிராங்க்ளின் பக்கம் குனிந்து, பெற்ற பிள்ளையிடம் பேசுவது போலப் பேசினார். "தம்பி, அவ்வளவுதானுங்க. அந்த ஒரு இஃப்பைச் சொல்லிப்போடுங்க. சார் மார்க்கு போட்டுருவாரு. எது நடந்திருந்தா அக்கா வந்திருப்பாங்க?"

பிராங்க்ளின் முழு வாக்கியமாகவே சொன்னான், இங்கிலீஷில், ஒரு வார்த்தையும் தடுக்காமல். தமிழில் அதன் அர்த்தம் இது: காய்ச்சல் வந்த முதல் நாளே டபுள் ஷிப்டில் நிறுத்திவைக்காமல், மில்லில் அவளை வேனில் ஏற்றி அனுப்பியிருந்தால், அக்கா வந்திருப்பாள்.

"கரெக்ட்" என்றார் ராமர் சார்.

அவருக்கு வாக்கியம் மட்டும்தான் காதில் விழுந்திருந்தது. இஃப்புக்குப் பின்னால் வரவேண்டியது வந்திருந்தது, வுட்டுக்குப் பின்னால் வரவேண்டியதும் வந்திருந்தது. எங்கள் துறையில் அந்த வருடம் ஒரு மாணவன் பிழையில்லாமல் சொன்ன ஒரே பெரிய வாக்கியம் அதுதான். பேனாவைக் கொண்டுபோய்ச் சரி என்று குறித்துவிட்டுத் தலையை நிமிர்த்தினார். செயலரின் முகத்தைப் பார்த்தார். குறித்த இடத்தைக் கையால் மூடிக்கொண்டார்.

செயலர் கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை.

"இது கதைதானுங்களே, டாக்டர்?" என்றார் மெதுவாக.

"கதைதான், கதையேதான்" என்றார் மரியராஜ் சார்.

"கதைன்னா கற்பனைங்க. இல்லாததைப் பார்க்குறது. நீங்களே அன்னைக்கு விழாவுல சொன்னீங்க."

"சொன்னேன்." மரியராஜ் சார் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பிறகு அவருக்கே உரிய கம்பீரம் திரும்பியது. "பிராங்க்ளின், படைப்பெழுத்தின் அடிப்படை விதி. கதையில் வருவதெல்லாம் கற்பனையாக இருக்க வேண்டும். உண்மையாக இருந்தால் அது வேறு பாடம், நம் துறையில் கிடையாது. இலக்கணத்தில் உனக்குக் குறையே இல்லை. ஒரே ஒரு வார்த்தை. இந்த அக்கா கற்பனை என்று சொல்லிவிடு. மில் கற்பனை, காய்ச்சல் கற்பனை. இருபத்தைந்துக்கு இருபத்தைந்து."

"வில்லும் இருக்கட்டும், எத்தனை வேண்டுமானாலும்" என்றார் ராமர் சார் அவசரமாக.

"சொல்லிருங்க தம்பி" என்றார் செயலர். "பி.எட். சீட்டு நான் பாத்துக்கறேன். வாத்தியாராகிப் போடலாம். உங்க அக்காவும் அதைத்தானுங்க ஆசைப்பட்டிருக்கும்."

இல்லாத அக்கா எப்படி ஆசைப்படுவாள் என்று அந்த அறையில் யாருக்கும் தோன்றவில்லை. நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சொல்லித் தொலைடா என்று மனதுக்குள் கத்தினேன். வெறும் வார்த்தைதானே, வெளியே வந்ததும் காறித் துப்பிவிடலாம். இதில் விழுந்தால் பட்டம் இல்லை, பட்டம் இல்லாவிட்டால் அவனும் ஏதாவது மில்லுக்குத்தான் போக வேண்டும்.

"எனக்கு ஒரு அக்கா உண்டு சார்" என்றான் பிராங்க்ளின்.

"இன் இங்கிலீஷ்" என்றார் மரியராஜ் சார். வேறு எதுவும் சொல்லத் தெரியாதபோது அவர் சொல்வது அது.

பிராங்க்ளின் வாயைத் திறந்தான். 'ஐ' என்று தொடங்கினான். அதற்கு மேல் வரவில்லை. ராமர் சார் பேனாவைத் தாளில் ஊன்றிக்கொண்டு காத்திருந்தார்.

"ஹேவா, ஹேடா? ரெண்டுல ஒண்ணச் சொல்லு. ஹேவ் என்றால் இருக்கிறாள். ஹேட் என்றால் இருந்தாள்."

பிராங்க்ளின் இரண்டையும் யோசித்துப் பார்த்தான். கதவிடுக்கு வழியாக அவன் முகம் எனக்குத் தெரிந்தது. தெரியாத கேள்விக்கு முழிக்கிற முகம் இல்லை அது. மூன்று வருடம் விழுந்து விழுந்து படித்த மொழியில் அவளை உட்காரவைக்க இடம் தேடிக்கொண்டிருந்தான். கடைசியில் தேடுவதை விட்டுவிட்டான்.

"உண்டு சார்" என்றான். "நீங்க ஃபெயில்னு எழுதிக்கங்க."